வழுக்கினது கிளட்ச்சா, டயரா?

போன மாசம் மலைப்பாதையில ஏறும்போது என் பழைய கார் திடீர்னு கத்த ஆரம்பிச்சது. ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுது, வண்டி நகர மாட்டேங்குது. மெக்கானிக் அண்ணன் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்த்துட்டு, "கிளட்ச் பிளேட் போச்சு தம்பி" என்றார். காதாலேயே கண்டுபிடிச்சிட்டார். என் பர்ஸ் இளைத்த கதை இருக்கட்டும். அந்தச் சாக்கில் அமெரிக்க டிராக் ரேஸ் வரலாற்றைத் தேடிப் படித்தேன். காதை மட்டும் நம்பினால் அங்கே கதை கந்தல்.

டிராக் ரேஸ் என்றால் ஒன்றுமில்லை. இரண்டு கார், ஒரு நேர்கோடு, யார் முதலில் என்பதுதான் கேள்வி. வாலி பார்க்ஸ் 1951ல் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கினார். கால் மைல் தூரம், அதாவது 1320 அடி. இதில் பெரியண்ணன் டாப் ஃப்யூல் கார்கள். குடிப்பது நைட்ரோமீத்தேன்.

1960களின் தொடக்கத்துப் படங்களைப் பார்த்தீர்களானால், கோடு முடியும் வரை பின் டயர்கள் புகை கக்கிக்கொண்டே போகும். பார்க்க அழகு. ஆனால் அந்தப் புகை முழுக்க வீணாய்ப் போன சக்தி. பிறகு நல்ல பிடிப்புள்ள டயர்கள் வந்தன. அங்கேதான் சிக்கல். இந்த வண்டியில் நம்ம வண்டி மாதிரி கியர் மாற்றி மாற்றிப் போகிற வேலை கிடையாது. சக்கரம் நிற்கிறது, இன்ஜின் சீறுகிறது. நடுவில் ஏதாவது ஒன்று வழுக்கியே ஆகணும். டயர் வழுக்க மறுத்தால்? அந்த வேலை கிளட்ச் தலையில் விழுந்தது. வேண்டுமென்றே வழுக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கிற கிளட்ச் வந்தது.

வழுக்கினால் சூடு. சூடு எல்லை மீறினால் கிளட்ச் வெடிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1966ல் பேக்கர்ஸ்ஃபீல்ட் மார்ச் மீட் பந்தயத்தில் ஜெயித்த மைக் சொரோகின், 1967 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி டிராக்கில், ஓட்டிக்கொண்டிருந்த காரின் கிளட்ச் வெடித்து இறந்துபோனார். அதைப் படித்த அன்று மேற்கொண்டு படிக்க மனசு வரலை.

சரி, எவ்வளவு வழுக்கியது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? ஓட்டம் முடிந்ததும் கிளட்ச்சைப் பிரித்து, டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். மொத்தம் எவ்வளவு என்று தெரியும், எப்போது என்று தெரியாது. முதல் வினாடியிலா, கடைசியிலா? ஓட்டுநரைக் கேட்டால், "நடுவுல ஒரு இடத்துல இன்ஜின் கத்துச்சு" என்பார். அது டயர் சுற்றினதாலும் இருக்கலாம், கிளட்ச் வழுக்கினதாலும் இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஒரே சத்தம். மருந்து மட்டும் நேர் எதிர். டயர் சுற்றினால் கிளட்ச் பிடியைத் தளர்த்தணும், கிளட்ச் வழுக்கினால் பிடியை இறுக்கணும். மாற்றிச் செய்தால் அடுத்த ஓட்டம் காலி.

1980களில் காரிலேயே கம்ப்யூட்டர் ஏறியது. கென்னி பெர்ன்ஸ்டீன் அணியின் தலைமை மெக்கானிக் டேல் ஆர்ம்ஸ்ட்ராங், கனடாவில் பிறந்தவர், இதில் முன்னோடி என்று சொல்கிறார்கள். விஷயம் ரொம்ப எளிது. இன்ஜின் சுற்றை எண்ண ஒரு சென்சார், கிளட்ச்சுக்கு அந்தப் பக்கம் டிரைவ் ஷாஃப்ட் சுற்றை எண்ண இன்னொன்று. இன்ஜின் 8000, ஷாஃப்ட் 6000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 2000, அதாவது 25 சதவீதம் வழுக்கல். கிராஃபில் இரண்டு கோடும் மேலும் கீழுமாய் ஏறி, எங்கே ஒட்டுகிறதோ அந்த நொடியில் கிளட்ச் முழுசாய்ப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு கோடும் சேர்ந்து துள்ளினால் டயர். இன்ஜின் கோடு மட்டும் துள்ளினால் கிளட்ச். ஓட்டுநர் சொன்ன அந்த "நடுவுல ஒரு இடம்" எது என்று இப்போது விரல் வைத்துக் காட்டலாம்.

வழுக்கலைக் கட்டம் கட்டமாகக் குறைக்கிற லாக்-அப் கிளட்ச்சிலும் ஆர்ம்ஸ்ட்ராங் பெயர் அடிபடுகிறது. 1992 மார்ச் 20 அன்று ஃபுளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் பெர்ன்ஸ்டீன் மணிக்கு 301.70 மைல் தொட்டார். 300ஐத் தாண்டிய முதல் ஆள். கிளட்ச் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீணாகிற சக்தி எங்கே போகிறது என்று தெரியாமல் அது நடந்திருக்காது என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். கம்ப்யூட்டரே கிளட்ச்சைப் பார்த்துக்கொள்ளட்டுமே என்றால், விதி அனுமதிக்காது. அது எழுதிவைக்கலாம், எதையும் இயக்கக் கூடாது. கிளட்ச் எந்தக் கணத்தில் எவ்வளவு பிடிக்கணும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே டைமரில் வைத்துவிட வேண்டும். பச்சை விளக்கு விழுந்த பிறகு வழுக்கல் தப்பாகப் போனால் கம்ப்யூட்டர் அதைச் சமர்த்தாய்ப் பதிவு பண்ணிக்கொண்டு சும்மா இருக்கும். திருத்துவது மனுஷன்தான், அதுவும் அடுத்த சுற்றுக்கு.

2008க்குப் பிறகு டாப் ஃப்யூல் பந்தய தூரம் 1000 அடியாகக் குறைந்துவிட்டது. நல்ல ஓட்டம் நாலு வினாடிக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் ஒருத்தர் லேப்டாப்பில் கோடுகளைப் பார்க்கிறார். பக்கத்திலேயே இன்னொருத்தர் கை முழுக்கக் கறுப்பு மாவோடு கிளட்ச்சைப் பிரித்து, ஒவ்வொரு டிஸ்க்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்துகொண்டிருக்கிறார்.