இத்ரிய்யா: ஓர் உணவுச் சொல்லின் வரலாறு

இன்று நம் இல்லங்களில் இளம்பிள்ளைகள் தாமே செய்து உண்ணும் சிற்றுண்டி ஒன்று உண்டு. பொட்டலத்தில் வரும் உடனடி நூடுல்ஸைக் கொதிநீரிலிட்டு வடித்தெடுத்து, பூண்டும் தக்காளியும் வதக்கிய வாணலியில் புரட்டி, மேலே சிறிது பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, "இது இத்தாலி நாட்டுப் பாஸ்தா" என்று முன்னே வைக்கின்றனர். பத்து நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சமையலுக்குப் பின்னால் பல நூற்றாண்டு வரலாறு இருக்கின்றது. அவ்வரலாற்றில் அரபு மொழிக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எது, எவ்வளவு என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழா மேடையில், முஸ்லிம்கள் உலகிற்கு வழங்கிய கொடைகளை அடுக்கிக்கொண்டே வந்த நான், "இத்தாலியர் பெருமையாகப் பேசும் பாஸ்தாவைக் கண்டுபிடித்ததும் முஸ்லிம்களே" என்று முழங்கினேன். கூட்டத்தினரும் தக்பீர் முழங்கினர். மேடையை விட்டு இறங்கியதும், என்னிடம் அரபு இலக்கணம் ஓதும் மாணவர் ஒருவர் அருகே வந்து, "ஹள்ரத், இதற்கு ஆதாரம் எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று பணிவோடு கேட்டார். என்னிடம் விடையில்லை. யாரோ சொல்லக் கேட்டதைத்தான் நானும் சொல்லியிருந்தேன். ஒரு செய்தியை ஏற்குமுன் அதை அறிவித்தவர் யார் என்று விசாரிக்க வேண்டுமென மாணவர்களுக்குப் பாடம் நடத்துகின்ற நானே சனதின்றிப் பேசிவிட்டேன். "பார்த்துச் சொல்கிறேன்" என்று அவரை அனுப்பிவைத்துவிட்டு நூல்களைத் தேடலானேன்.

முதலில், நெடுங்காலமாக உலவிவரும் மற்றொரு கதையை நீக்கியாக வேண்டும். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ சீன நாட்டிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்பது அக்கதை. அவர் ஊர் திரும்பியது 1295ஆம் ஆண்டில். ஆனால், ஜெனோவா நகரத்தில் 1279இல் எழுதப்பட்ட ஓர் உடைமைப் பட்டியலில், ஒரு மனிதர் விட்டுச்சென்ற பொருள்களுள் ஒரு கூடை நிறைய 'மக்கரோனி' குறிக்கப்பட்டுள்ளது. மார்க்கோ போலோ கரையேறுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அது ஜெனோவாவில் இருந்திருக்கின்றது! இக்கதையை ஊரெங்கும் பரப்பியது, அமெரிக்கப் பாஸ்தா உற்பத்தியாளர்களின் இதழொன்று 1929இல் வெளியிட்ட கற்பனைக் கதையே என்பர். பெருமை பேசும் ஆசை நம்மிடம் மட்டும் உள்ளதன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இனி, நம் கிதாபுக்கு வருவோம்.

மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் சிசிலித் தீவை அரபு நூல்கள் 'ஸிகில்லிய்யா' என்று அழைக்கின்றன. 827இல் முஸ்லிம் படைகள் அத்தீவின் மஸாரா கடற்கரையில் இறங்கின. 831இல் பலெர்மோ நகரம் அவர்கள் வசமாயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே முஸ்லிம் ஆட்சி நடைபெற்றது. பின்னர் நார்மானியர் வந்தனர். 1061இல் தொடங்கிய அவர்களது படையெடுப்பு 1091இல் நிறைவுற்றது. ஆட்சி கைமாறிய போதிலும் அரபு மொழியும் முஸ்லிம் குடிமக்களும் உடனே மறைந்துவிடவில்லை. நார்மானிய மன்னர் இரண்டாம் ரோஜரின் அரசவையிலேயே முஸ்லிம் அறிஞர்கள் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவர் புவியியல் மேதை அல் இத்ரீஸீ.

மன்னர் ரோஜரின் வேண்டுகோளுக்கிணங்கி அவர் அரபு மொழியில் எழுதிய பெருநூல் 'நுஸ்ஹத்துல் முஷ்தாக் ஃபீ இஃக்திராகில் ஆஃபாக்'. 'அடிவானங்களைக் கடந்து செல்ல விழைவோனின் இன்பம்' என்பது அதன் பொருள். ஹிஜ்ரி 548, அதாவது கி.பி. 1154இல் அது நிறைவெய்தியது. உலக நாடுகளை வரிசைப்படுத்திக் கூறும் அந்நூலில், சிசிலியின் ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவரும் இத்ரீஸீ, பலெர்மோவுக்குக் கிழக்கேயுள்ள தர்பீஆ என்ற ஊரை அடைகின்றார். இன்று திராபியா என்று வழங்கும் கடலோர ஊர் அதுவே. வற்றாத நீரோடைகள் அங்கே ஓடுகின்றன என்றும், அந்நீரின் விசையால் பல மாவரைக்கும் ஆலைகள் சுழல்கின்றன என்றும், அவ்வூரில் 'இத்ரிய்யா' பெருமளவில் செய்யப்படுகின்றது என்றும் கூறுகின்றார். கலப்ரியாவுக்கும், முஸ்லிம் நாடுகளுக்கும், கிறித்தவ நாடுகளுக்கும் அது கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகின்றது என்றும் அவர் குறித்துவைத்துள்ளார்.

அந்த இத்ரிய்யா என்பது யாது? அல்லாமா இப்னு ஸீனா தமது 'அல் கானூன்' மருத்துவ நூலில் இதற்கு விளக்கம் தருகின்றார். புளிக்காத மாவைத் தோல்வார் போல் நீளமாக அறுத்து, இறைச்சியோடோ இறைச்சியின்றியோ நீரில் வேகவைக்கும் பண்டம் அது என்றும், தம் நாட்டில் அதை 'ரிஷ்தா' என்பார்கள் என்றும் அவர் சொல்கின்றார். ரிஷ்தா என்பது பாரசீகச் சொல். இழை என்பது அதன் பொருள். புளிக்காத மாவாகையால் எளிதில் செரிக்காது என்ற எச்சரிக்கையையும் அம்மருத்துவர் சேர்த்துவைத்திருக்கின்றார். பின்னர் 1226இல் பக்தாதில் எழுதப்பட்ட 'கிதாபுத் தபீஃக்' என்னும் சமையல் நூலிலும் இறைச்சியோடும் பருப்போடும் சமைக்கும் ரிஷ்தா இடம்பெற்றிருக்கின்றது.

இவ்வளவையும் கண்டதும் என் உள்ளம் பூரித்தது. நான் மேடையில் பேசியது மெய்தான் என்று மாணவரிடம் சொல்லிவிடலாம் என எண்ணினேன். ஆனால், நூலை மறுபடியும் படித்தபோது ஓர் உண்மை உறைத்தது. தர்பீஆவில் இத்ரிய்யா செய்யப்பட்டது, கப்பலேறியது என்றுதான் இத்ரீஸீ கூறுகின்றார். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவே இல்லை. அவர் சொல்லாததை அவர் பெயரால் நான் சொல்வது எப்படிப் பொருந்தும்?

சொல்லின் மூலமும் அத்தகையதே. இத்ரிய்யா என்பது அரபு வேரிலிருந்து கிளைத்த சொல்லன்று. 'இத்ரியோன்' என்ற கிரேக்கச் சொல்லே அரமேயம் வழியாக அரபுக்கு வந்தது என்று மொழியறிஞர் கருதுவர். இத்ரீஸீக்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய யூதர்களின் பலஸ்தீனத் தல்மூத் நூலிலும் அச்சொல் காணப்படுகின்றது. சீனத்தில் மாவிழை உண்ணும் வழக்கமோ தனித்தே வளர்ந்தது. அந்நாட்டின் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மட்கலத்தினுள் நாலாயிரம் ஆண்டுப் பழமையுடைய மாவிழைகளைக் கண்டதாக 2005இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஆகவே, மாவைப் பிசைந்து இழையாக்கும் கலை எந்த ஒரு சமுதாயத்தின் தனியுடைமையுமன்று.

அப்படியாயின் இத்ரீஸீயின் சான்று எதை நிறுவுகின்றது? இத்தாலிய மண்ணில் உலர் மாவிழை பெருமளவில் செய்யப்பட்டுக் கடல் கடந்து வணிகமானதற்கு நாம் அறிந்தவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. அச்சான்று அரபு மொழியில் இருக்கின்றது. இது சிறிய செய்தியன்று. ஈரமான மாவிழை அன்றன்றைக்கு உண்டு தீர்க்க வேண்டியது. கடினக் கோதுமை ரவையைப் பிசைந்து, இழையாக்கி, காற்றில் நன்றாக உலர்த்திவிட்டால் அது மாதக்கணக்கில் கெடாது. மாலுமியும் வணிகரும் அதை நம்பிக் கடலேறலாம். பஞ்ச காலத்திற்கென்று சேமித்தும் வைக்கலாம். அடுக்களைப் பண்டத்தை வணிகச் சரக்காக மாற்றியது இந்த உலர்த்தும் தொழிலே. தர்பீஆவில் அது தழைத்திருந்ததை இத்ரீஸீயின் எழுதுகோல் நமக்குக் காட்டுகின்றது.

அத்தீவின் முஸ்லிம்களுக்குப் பின்னர் நேர்ந்ததையும் இவ்விடத்தில் நினைவுகூர வேண்டும். 1184ஆம் ஆண்டின் இறுதியில், ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த அந்தலுஸியப் பயணி இப்னு ஜுபைர், மெஸ்ஸீனா அருகே கப்பல் உடைந்து சிசிலியில் கரையேறினார். பலெர்மோவில் பள்ளிவாசல்களோடும் காளியோடும் முஸ்லிம்கள் வாழ்ந்ததை அவர் கண்டார். மார்க்கத்தைக் காத்துக்கொள்ள இயலாமற் போய்விடுமோ என்று அவர்களின் உள்ளத்தை அரித்த அச்சத்தையும் கண்டெழுதினார். அச்சம் பொய்க்கவில்லை. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1220களிலிருந்து அவர்களைப் பிடித்து, தென்னித்தாலியின் லூசேரா நகரில் குடியேற்றினார். 1300இல் அந்த லூசேரா முஸ்லிம் குடியிருப்பும் அழிக்கப்பட்டது. மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். பள்ளிவாசல்கள் மறைந்தன, பாங்கோசை ஓய்ந்தது.

ஆயினும் ஒரு சொல் மறையவில்லை. தென்னித்தாலியின் சலேந்தோ வட்டாரத்தில் கொண்டைக்கடலையோடு மாவிழை சேர்த்துச் சமைக்கும் உணவு ஒன்று இன்றும் உண்டு. அதன் பெயர் 'சிச்சேரி எ திரியா'. அந்தத் 'திரியா' நம் இத்ரிய்யாவே! அவ்வாறே ஸ்பானியர் மெல்லிய மாவிழையை 'ஃபிதேயோஸ்' என்கின்றனர். அது அந்தலுஸிய முஸ்லிம்களின் 'ஃபிதாவ்ஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. துரத்தப்பட்ட மக்களின் சொல், துரத்தியவர்களின் வழித்தோன்றல்களுடைய உணவுத்தட்டில் தங்கிவிட்டது. எனது மேடை முழக்கத்தைக் காட்டிலும் இச்சிறு சொல் என் நெஞ்சை அதிகம் தொட்டது.

இத்தாலியரின் உழைப்பையும் நாம் மறுத்தலாகாது. ஜெனோவாவிலும் நாப்பொலியிலும் அத்தொழிலைப் பல தலைமுறைகளாக வளர்த்து, நூற்றுக்கணக்கான வடிவங்களைக் கண்டவர்கள் அவர்களே. இன்று பாஸ்தா என்றதும் நினைவுக்கு வரும் செந்நிறத் தக்காளிச் சாற்றை இத்ரீஸீ கண்டிருக்கவே முடியாது. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில்தான் அது இத்தாலிக்கு வந்தது. 1690களில் நாப்பொலியில் வெளியான அந்தோனியோ லத்தீனியின் சமையல் நூலில் தக்காளிச் சாறு இடம்பெற்றது. பாஸ்தாவோடு அது சேர்ந்தது அதற்கும் பிந்தித்தான். அதற்கு முன்னெல்லாம் பாலாடைக்கட்டியும் நறுமணப் பொருள்களும் தூவியே பாஸ்தாவை உண்டனர்.

நம் பிள்ளைகள் கையாளும் உடனடி நூடுல்ஸோ இன்னும் இளையது. தைவானில் 1910இல் பிறந்து ஜப்பானில் குடியேறிய மொமோஃபுகு அந்தோ, போருக்குப் பின் ஒஸாகா நகரத்து மக்கள் ஒரு கிண்ண நூடுல்ஸுக்காகக் குளிரில் வரிசையில் நின்றதை மறக்காதவர். பல முயற்சிகளுக்குப் பின், வேகவைத்த நூடுல்ஸை எண்ணெயில் பொரித்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி நுண்ணிய துளைகள் உண்டாகும் என்றும், வெந்நீர் பட்டதும் அத்துளைகள் வழியே நீர் புகுந்து மீண்டும் மென்மையாகும் என்றும் கண்டார். 1958 ஆகஸ்ட் 25இல் அவரது முதற்பொட்டலம் விற்பனைக்கு வந்தது. தர்பீஆவில் கடற்காற்று செய்த வேலையை இங்கே கொதிக்கும் எண்ணெய் செய்தது. நீரை நீக்கினால் உணவு நெடுநாள் நிற்கும் என்ற அறிவுதான் இரண்டிற்கும் அடிப்படை.

ஆகவே, உடனடி நூடுல்ஸைக் கொண்டு இத்தாலிய முறையில் சமைப்பது வரலாற்றுக்குப் புறம்பான செயலன்று. ஆனால், வேறுபாட்டை அறிந்து செய்தால் சுவை கூடும். பாஸ்தா கடினக் கோதுமை ரவையால் ஆனது. வேக நேரம் பிடிக்கும். நூடுல்ஸ் மென்மையான மைதாவால் ஆனது, முன்பே வெந்தது. எனவே பொட்டலத்தில் குறித்த நேரத்திற்கு ஒரு நிமிடம் முன்னதாகவே வடித்துவிட வேண்டும். வடித்த நீரில் ஒரு கரண்டியைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். வாணலியில் இரண்டு கரண்டி ஸைத்தூன் எண்ணெயைச் சூடாக்கி, மெல்லியதாக அரிந்த பூண்டைக் கருகாமல் வதக்கி, கிள்ளிய மிளகாய் வற்றலைச் சேர்த்து, நூடுல்ஸையும் அந்த நீரையும் இட்டுப் புரட்டினால், நீரிலுள்ள மாவுச்சத்து எண்ணெயோடு இணைந்து இழைகளில் படியும். நாப்பொலியில் எளியோர் உண்ணும் பூண்டு எண்ணெய்ப் பாஸ்தாவின் முறை இதுவே. தக்காளி வேண்டுவோர் பூண்டுக்குப் பின் பழுத்த தக்காளியை நசுக்கியிட்டு, பச்சை வாடை நீங்க வதக்கிக்கொள்ளலாம். உடன்வரும் மசாலாப் பொட்டலம் இதற்குத் தேவைப்படாது; இறைச்சிச் சுவையூட்டிகளைப் பற்றிய ஹலால் ஐயமும் அதனோடு அகன்றுவிடும். பாலாடைக்கட்டி வாங்குவோர் மட்டும் அதைத் திரிக்கச் சேர்த்த உறை எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து வாங்குவது நலம்.

அந்த மாணவருக்கு இத்ரீஸீ சொன்னதையும் சொல்லாததையும் எடுத்துரைத்தேன். மறு ஆண்டு அதே மேடையில் பேச அழைத்தபோது, முந்தைய ஆண்டு நான் சொன்னது பிழை என்று முதலில் அறிவித்தேன். கூட்டத்தில் ஒரு கணம் அமைதி நிலவியது. பின்பு தர்பீஆவின் நீரோடைகளையும், அங்கிருந்து புறப்பட்ட கப்பல்களையும், லூசேராவில் அழிந்த மக்களையும், அழியாத திரியாவையும் பற்றிப் பேசினேன். தக்பீர் முழக்கம் எழவில்லை. ஆனால், கூட்டம் முடிந்ததும் ஒருவரல்ல, நான்கு மாணவர்கள் என்னிடம் வந்து அந்தக் கிதாபின் பெயரை எழுதிக்கொண்டு சென்றனர். அல்ஹம்துலில்லாஹ்.