தண்ணியில்லாக் காடு ஆனது எப்படி? இராமநாதபுரம் சீமையின் கண்மாய்களும் குடிகளும்

அரசு ஊழியர் ஒருவரை மிரட்ட வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று மேலதிகாரி சொல்வது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். எந்தக் காடு என்று யாரும் கேட்பதில்லை. இராமநாதபுரம்தான் அது என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். மழைக் கணக்கைப் புரட்டினால் இந்த வழக்கு இடறுகிறது. இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 820 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோவைச் சமவெளியில் பெய்வது இதைவிடக் குறைவு. கோவையை எவரும் தண்ணியில்லாக் காடு என்பதில்லை. வானம் பொய்த்ததால் மட்டும் இந்தச் சீமை வறண்டுவிடவில்லை. பெய்த மழையைத் தேக்கிப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு இருநூறு ஆண்டுகளில் படிப்படியாகக் குலைந்ததே பெரிய காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தரை. மேற்கிலிருந்து கடலை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லச் சரிகிற நிலம் இது. அணை கட்ட மலையில்லை. வைகை, குண்டாறு, விருசுழியாறு எல்லாமே மழைக்கால ஆறுகள். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல். சாயல்குடியை ஒட்டிய கடலோரத்தில் மணலும் பனையும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர். கோவை விவசாயி கிணறு வெட்டிப் பிழைத்துக்கொண்டான். இங்கே வெட்டிய கிணறு பெரும்பாலும் உப்பையே காட்டியது. மேலே ஓடுகிற நீரை ஓடவிடாமல் நிறுத்துவதைத் தவிர இந்த மண்ணுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அப்படி நிறுத்தியவைதாம் கண்மாய்கள். சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை, மேற்கிலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், நிறைந்தால் வழியக் கலுங்கு. ஒரு கண்மாய் மறுகால் போனால் அந்த நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்குக் கீழே உள்ளதற்கு. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இவ்வாறு சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் கடைசி ஊர் காயும்.

பழைய கண்மாய்களின் குமிழித்தூம்பை அருகில் நின்று பார்க்க வேண்டும். கரைக்கு உட்புறம், நீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேற்புறம் நீரோடித்துளை. கீழே, தரை மட்டத்தில் சேறோடித்துளை. மேல்துளையை அடைத்திருக்கும் கல்லை நீந்திப்போய் ஓர் ஆள் தூக்கினால், தொட்டிக்குள் இறங்கும் நீரின் வேகம் அடியில் கிடக்கும் சேற்றையும் இழுத்துக்கொண்டு கரைக்கு அடியில் உள்ள சுருங்கை வழியே வயலுக்குப் போய்விடும். பாசனமும் தூர்வாரலும் ஒரே நேரத்தில் நடக்கும். இதை முதலில் செதுக்கியவரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. அந்தக் கைகளை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

பாண்டிய அரசன் ராஜசிம்மனின் பெயரைத் தாங்கிய இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இன்றும் சொல்வார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளம் என்பது பொருள். பின்வந்த, இச்சீமையை ஆண்ட சேதுபதிகள் வைகையிலிருந்தும் குண்டாற்றிலிருந்தும் கால்கள் வெட்டினர். அவற்றுக்கு வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும்: கூத்தன் கால், ரெகுநாத காவிரி, நாராயண காவிரி. மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் வாய்க்காலுக்குக் காவிரி என்று பெயரிட்ட ஆசையில் இந்தச் சீமையின் பாதி வரலாறு இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய கண்மாய் நிர்வாகத்தை ஊரார் கூடி நடத்திய சமத்துவ ஏற்பாடாகச் சித்திரிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இப்பகுதிக் கண்மாய்களை நீண்ட காலம் ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மோஸ், அரசதிகாரமும் கொடையும் சாதி மேலாண்மையும் பின்னிய ஏற்பாடு அது என்று வாதிட்டார். எனக்கும் அதில் உடன்பாடு. மடை திறந்தவர், கரையைக் காவல் காத்தவர், நள்ளிரவில் உடைப்பை அடைக்க இறங்கியவர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். பல ஊர்களில் அவர்களுக்கு மடைக்குடும்பர் என்று பெயர். கூலி, களத்துமேட்டில் அளந்து போடும் நெல். கடைமடையும் பெரும்பாலும் அவர்கள் நிலமே. ஒடுக்கப்பட்டோரின் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டதை ஒட்டி 1957இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் வெடித்த வன்முறையை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தின் வேளாண் வரலாற்றை எழுத முடியாது. அந்தத் தலைமுறைக்குப் பின் மடைக்குடும்பரின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வர மறுத்ததைக் கண்மாயின் சீரழிவு என்று எழுதுவது அநியாயம். அவர்கள் விட்டுப்போன வேலையை மரியாதையும் ஊதியமும் உள்ள வேலையாக மாற்ற யாரும் முயலவில்லை என்பதே உண்மை.

சிதைவின் தொடக்கத்தை 1795இல் வைக்கலாம். அந்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி முத்துராமலிங்க சேதுபதியை ஆட்சியிலிருந்து இறக்கியது. 1803இல் நாடு ஜமீன் ஆனது. அதுவரை விளைச்சலில் வாரம் பெற்ற அரசனுக்குக் கண்மாய் நிறைந்தால்தான் வருமானம். இனி விளைந்தாலும் விளையாவிட்டாலும் கம்பெனிக்குக் குறித்த தொகையைப் பேஷ்குஷ் ஆகக் கட்ட வேண்டும். மிச்சம் பிடிக்க எளிதான இடம் மராமத்துச் செலவு. போதாததற்கு வாரிசு வழக்குகள். சேதுபதி குடும்பத்துத் தத்து வழக்கு 1868இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் இந்துச் சட்டப் பாடநூல்களில் இடம்பெற்றது. கரைக்குப் போக வேண்டிய பணம் கச்சேரிக்குப் போனது. 1889இல் பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதியின் காலத்தில் சமஸ்தானம் கடனில் மூழ்கியது. இடையில், ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து தானாக நடக்கவில்லை என்று கண்ட அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆணைக்குப் பணிந்து கரையில் விழும் மண்ணும் தன் வயலுக்காக ஒருவன் போடும் மண்ணும் ஒன்றல்ல.

பெரியாற்றுக் கதை இன்னும் வலிக்கக்கூடியது. மேற்கே வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாமா என்று 1789இலேயே ஆட்களை அனுப்பிப் பார்த்தவர் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை. பணமில்லாமல் அது நின்றுபோனது. 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் கட்டிய அணை வழியே அந்த நீர் வைகைப் படுகைக்கு வந்தபோது மேலூரும் மதுரைப் பக்கமும் செழித்தன. கனவு கண்ட சீமைக்கு அது வந்து சேரவில்லை. 1959இல் வைகை அணை வந்த பிறகு இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைக்கு 7:3:2 என்று பங்கு வகுத்தார்கள். வகுத்த பங்கு வேறு, மணல் அள்ளப்பட்டுப் பள்ளமான ஆற்றில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடைசியில் இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டும் நீர் வேறு.

நிர்வாகமும் தொலைவிலேயே இருந்தது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவான இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நெடுங்காலம் மதுரையிலேயே இயங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன் ஒழிந்தது. கண்மாய்கள் அரசிடம் வந்தன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேலானால் பொதுப்பணித் துறை, குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஓர் அலுவலகத்துக்கும் கீழ்க் கண்மாய் இன்னொன்றுக்கும் போனது. சங்கிலியை முழுதாகப் பார்க்கும் கண் எங்கும் இல்லாமல் போயிற்று.

நிலம் தாங்காதபோது மக்கள் கடல் தாண்டினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் இந்தச் சீமையார் ஏராளம். இலங்கை அரசு மண்டபத்தில் தொழிலாளர் முகாம் திறக்கும் அளவுக்குப் போக்குவரத்து இருந்தது. இன்று வளைகுடா. 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகை 13,53,445; வெளிநாட்டுப் பணம் வராத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காலியான கண்மாய் உள்வாய்களில் சீமைக்கருவேலம் ஏறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்கு வந்த மரம். விறகுக்கும் வேலிக்கும் என்று விதை தூவப்பட்டபின் நிலத்தையே பிடித்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னது. ஆனால் வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது கரிமூட்டத்தால்தான். வெட்டிய கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் பூசித் தீ வைப்பார்கள். வெள்ளையாக வரும் புகை நீலமாக மாறும் வரை மூட்டத்தை விட்டு ஆள் நகரக் கூடாது. மண் வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளிருப்பது சாம்பல். மரத்தை மட்டும் குற்றவாளியாக்கும் பேச்சில் இரவெல்லாம் விழித்திருக்கும் அந்த ஆளைக் காண முடிவதில்லை.

மண் முற்றிலும் கைவிட்டுவிடவும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் வழக்கம் தொடர்கிறது. தைக்குப் பின் முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடிப் பக்கம் போனால் களமெல்லாம் சிவப்பு. உருண்டையான, தோல் தடித்த முண்டு மிளகாய்; 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் 2022இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் 2025இலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பயிருக்கென வெட்டிய கண்மாய்களுக்குப் பறவைகளால் உலக அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசுத் திட்டமும் நடந்தது. பல இடங்களில் கரை உயர்ந்தது. வரத்துக்கால் புதரடைந்தே கிடந்தது. நீர் வரும் வழியைத் திறக்காமல் கரையை உயர்த்திப் பயனில்லை.

குடிநீர் இப்போது திருச்சியிலிருந்து குழாயில் வருகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம். குழாயில் நீர் வரும் நேரத்துக்குப் பெண்கள் நாலைந்து குடம் வைக்கும் தள்ளுவண்டியுடன் சாலையோரம் காத்திருக்கிறார்கள். கமுதிப் பக்கத்தில் அப்படி நின்றிருந்த ஒருவரிடம், பின்னால் புதர்மண்டிக் கிடந்த வாய்க்காலின் பெயரைக் கேட்டேன். "ரெகுநாத காவேரிம்பாக" என்றார். அதற்குள் குழாயில் காற்று சீறியது. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.