245 மீட்டர் ஆழத்தில் 465 தங்கக்கட்டிகள்

போர்க்காலத்தில் மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் எங்கேயோ போய் நிற்கும். நான் போய் நின்ற இடம் பேரன்ட்ஸ் கடல். அங்கே கிடப்பது எச்.எம்.எஸ். எடின்பரோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்.

1942 ஏப்ரல் கடைசியில் மர்மான்ஸ்கிலிருந்து கிளம்பியபோது அதில் 465 தங்கக்கட்டிகள், சுமார் நாலரை டன். நேச நாடுகள் அனுப்பிய போர்த்தளவாடங்களுக்கு சோவியத் கொடுத்த விலை அது. ஏப்ரல் 30 அன்று யூ-456 நீர்மூழ்கி இரண்டு டார்பிடோக்களால் தாக்கியதில் கப்பலின் பின்பகுதியே பிய்ந்துபோனது. மெல்ல மர்மான்ஸ்குக்குத் திரும்பப் பார்த்தார்கள். வழியில் ஜெர்மன் டெஸ்ட்ராயர்கள் வந்து மறுபடி அடித்தன. மே 2 அன்று, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, பிரிட்டிஷ் கப்பலான ஃபோர்சைட்டே டார்பிடோ விட்டு அதை மூழ்கடித்தது. இறந்தவர்கள் 50-க்கும் மேல். அதனால் அது போர்க்கல்லறை.

இங்கேதான் சிக்கல். வெடிவைத்துப் பிளந்தால் தங்கம் சுலபமாக வரும். ஆனால் உள்ளே மனிதர்களின் எலும்புகள் இருக்கின்றனவே? முக்குளிப்பவர்களை இறக்கி, கப்பல் பக்கத்தை வெட்டி உள்ளே போகலாம் என்றது கீத் ஜெஸப்பின் குழு. ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைக்க அது ஒரு முக்கியக் காரணம்.

245 மீட்டரில் அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம். அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் போதையில் புத்தி மழுங்கிவிடும், ஆக்சிஜனே நஞ்சாகும். அதனால் ஹீலியம் கலவை. பேச்சு வாத்துக்குரல் மாதிரி ஆகிவிடும் என்பது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை, ஹீலியம் காற்றைப் போல 6 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். உறையும் நிலையை ஒட்டிய தண்ணீரில், மூச்சு விட விட உடம்புச் சூடு வெளியே போகும். ஆகவே மேலே கப்பலிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் இறக்கி, உடைக்குள்ளேயே ஓடவிட்டார்கள். குழாய் அறுந்தால் கதை முடிந்தது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடல் திசுக்களில் வாயு ஒருமுறை முழுசாக நிறைந்துவிட்டால், அதற்கப்புறம் கீழே ஒரு நாள் இருந்தாலும் பத்து நாள் இருந்தாலும் அழுத்தம் குறைத்து வெளியே வர ஆகும் நேரம் ஒன்றுதான், ஒரு வாரத்துக்கு மேல். எங்கள் ஆபீஸ் பாஷையில் ஃபிக்ஸட் காஸ்ட். எனவே மேலே கப்பலிலேயே அதே அழுத்தமுள்ள உருளை அறைக்குள் நாள்கணக்கில் தின்று தூங்கி, ஷிப்ட் வந்தால் மணிக்கூண்டு போன்ற பெட்டியில் இறங்கினார்கள்.

தங்கம் இருந்தது வெடிகுண்டு அறையில், டார்பிடோ விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே. எண்ணெய்ச் சேறு, இடிபாடு, வெடிக்காத குண்டுகள் எல்லாவற்றையும் இருட்டில் கையால் தடவித் தடவி ஒதுக்க வேண்டும். 1981 செப்டம்பரில் முதல் கட்டி கிடைத்தது. அக்டோபரில் வானிலை மோசமாகி நிறுத்தியபோது எண்ணிக்கை 431. மீட்டவர்களுக்கு 45 சதவீதம். மீதியை சோவியத்தும் பிரிட்டனும் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டன. காப்பீட்டுப் பொறுப்பு அந்த விகிதத்தில் இருந்ததாம்.

1986-இல் திரும்பப் போய் 29 எடுத்தார்கள். மிச்சம் 5 கட்டிகள் இன்னும் அங்கேதான்.