விராட பருவக் கூத்து

விராட பருவக் கூத்து, பாரதக் கூத்து வரிசையில் வரும் இசை நாடகம்; மாடுபிடி சண்டை என்றும் சொல்வார்கள். அரக்கோணம், திருத்தணி, காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவின்போது நடக்கும். விழா இல்லாத ஆண்டிலும், மழை பொய்த்தால் ஊரார் பணம் திரட்டி இதை ஆட வைப்பதுண்டு.

மழைக்கும் இந்தக் கதைக்கும் உள்ள உறவு பாரதத்திலேயே இருக்கிறது. பதின்மூன்றாம் ஆண்டில் பாண்டவர்கள் விராடன் நாட்டில் மறைந்து வாழ்கிறார்கள். நகுலன் குதிரை லாயத்தில், சகதேவன் மாட்டுக் கொட்டிலில். அவர்களைத் தேடும் துரியோதனனிடம் பீஷ்மர் ஓர் அடையாளம் சொல்கிறார்: தருமன் இருக்கும் நாட்டில் பருவம் தவறாமல் மழை பெய்யும், பயிர் செழிக்கும், பசுக்கள் பெருகும். அந்தச் செழிப்பைத் தங்கள் ஊருக்கு வரவழைக்கத்தான் வறட்சியில் இந்தக் கதையைக் கூப்பிடுகிறார்கள். இதைவிட நேரான மழை வேண்டுதல் எனக்குத் தெரியாது.

கதையின் உச்சம் ஆநிரை கவர்தல். விராடனின் பசுக்களைத் தெற்கே திரிகர்த்தர் ஓட்டிப் போக, மறுநாள் வடக்கே கௌரவர் வளைக்கிறார்கள். வீரம் பேசிய விராடன் மகன் உத்தர குமாரன் களத்தைக் கண்டதும் தேரைவிட்டு ஓடுகிறான். பேடி வேடத்தில் இருக்கும் அர்ச்சுனன் அவனைப் பிடித்திழுத்துத் தேரோட்ட வைத்து, பசுக்களை மீட்கிறான். சில ஊர்களில் பகலில் உண்மையான மாடுகளையே திடலுக்கு ஓட்டி வந்து இந்தச் சண்டையை நடத்துகிறார்கள். அன்று ஊர் மாடுகளும் நடிகர்கள்தான்.

இந்த மண்ணுக்கு மாடும் மழையும் உயிர்ப் பிரச்சினை. அரக்கோணத்தை அடுத்த மகேந்திரவாடியில் பல்லவ மகேந்திரவர்மன் வெட்டிய ஏரியும், தெற்கே காவேரிப்பாக்கம் பேரேரியும் மழைநீரைத் தேக்கி வைக்கத் தோன்றியவை. ஏரி வற்றினால் உழவு மாட்டுக்கு வைக்கோல் இருக்காது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் வட ஆற்காடும் ஒன்று. இன்றைய அரக்கோணம் பகுதி அதில்தான் இருந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை போட்ட ரயில் பாதை அப்போதே அரக்கோணம் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. தண்டவாளம் இருந்தும் பஞ்சம் நிற்கவில்லை.

ஆட்டம் இரவு பத்து மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், முகவீணை. முக்கிய வேடங்களுக்குக் கிரீடமும் புஜக்கட்டையும். கனம் குறைந்த கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். திரைக்குப் பின்னாலிருந்தே பாடியபடி வேடம் வரும். கட்டியங்காரன் கேள்வி கேட்டு ஊர் பேர் விசாரிப்பான். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டினார்கள். காஞ்சிபுரத்தில் 1990இல் தொடங்கிய, இந்தக் கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கத்தின் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்றது பெரிய மாற்றம்.

திருத்தணி 1960வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு அப்பாலும் தர்மராஜா கோயில்களில் கோடையில் பாரத விழா நடக்கிறது. அங்கே அதே கதை தெலுங்கில்.