மிலான் நகரத்து ஊர்வலம்

நாட்டிற்கு இடர் நேர்ந்த காலத்தில், மக்கள் வழிபாட்டிற்காக ஒன்றுகூடுவதைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா? இவ்வினாவை ஆராய்வோர் இத்தாலி நாட்டு மிலான் நகரின் வரலாற்றை அறிதல் நன்று.

1576ஆம் ஆண்டில் அந்நகரைக் கொள்ளைநோய் பற்றியது. அதிமேற்றிராணியாராயிருந்த கார்லோ பொரோமேயோ தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஊர்வலங்களை நடத்தினார். பின்னர், மக்கள் வீடுகளிலேயே அடைபட்டிருக்க வேண்டுமென்னும் கட்டளை பிறந்தது. அப்பொழுது அவர், நாற்சந்திகளிற் பீடங்களை அமைப்பித்தார். மக்கள் தத்தம் வாயில்களிலும் சாளரங்களிலும் நின்றவாறே பூசையிற் பங்குகொண்டனர். கூட்டம் நின்றது, வழிபாடு நிற்கவில்லை.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1629இல் பேரரசரின் படைகளோடு மீண்டும் கொள்ளைநோய் வந்தது. இதற்கிடையில், 1610இல், கார்லோ புனிதராக உயர்த்தப்பட்டிருந்தார். அவருடைய திருவுடலை ஊர்வலமாக எடுத்துச் செல்ல வேண்டுமென நகரசபையார் மன்றாடினர். அப்போதைய அதிமேற்றிராணியார் கர்தினால் பெடெரிகோ பொரோமேயோ முதலில் மறுத்தார், பின்னர் இணங்கினார். சுகாதார சபையோ, நகரவாயில்களைக் காத்தும் நோயுற்றோர் வீடுகளைப் பூட்டியும் அமைந்ததேயன்றி ஊர்வலத்தைத் தடுக்கவில்லை. 1630 யூன் 11ஆம் நாள் ஊர்வலம் நடைபெற்றது. அடுத்த நாட்களில் நகரெங்கும் மரணம் பெருகிற்று.

நெருக்கமான கூட்டமே நோயைப் பரப்பியதென மக்கள் எண்ணினாரல்லர். நஞ்சு பூசுவோர் கூட்டத்திற் புகுந்தனரென்றே நம்பினர். குலியெல்மோ பியாற்சா என்னும் சுகாதார அலுவலரும், யான் யாக்கோமோ மோரா என்னும் நாவிதரும் சித்திரவதைக்கு உட்பட்டு, அவ்வாண்டு ஓகத்து மாதத்திற் கொல்லப்பட்டனர். மோராவின் வீடு இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் நாட்டப்பட்ட இழிவுத் தூண் 1778 வரை நின்றது. தடுக்க வேண்டியதைத் தடுக்காத அதே அரசு, தண்டிக்கத் தகாதவரைத் தண்டித்தது.

ஆகவே, அதிகாரம் வேண்டும். அதற்கு எல்லையும் வேண்டும். 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் 10ஆம் உறுப்புரை எவ்வித மட்டுப்பாடுமின்றி வழங்குகின்றது. கூடி வழிபடும் சுதந்திரத்தை 14ஆம் உறுப்புரை வழங்க, பொதுச் சுகாதாரம் முதலிய காரணங்களுக்காகச் சட்டத்தின்மூலம் அதனை மட்டுப்படுத்தலாமென 15ஆம் உறுப்புரை கூறுகின்றது.

மட்டுப்பாடு நடுநிலையாகவும் இருத்தல் வேண்டும். கொரோனாத் தொற்றுக் காலத்தில், நியூயோர்க் மாநிலம் நோய் மிகுந்த வலயங்களில் வழிபாட்டிடங்களுக்கு 10 பேர், 25 பேர் என வரம்பு விதித்தது. பல வணிக நிலையங்களுக்கோ அத்தகைய வரம்பு இருக்கவில்லை. இக்காரணத்தாலேயே 2020 நவம்பரில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அவ்வரம்புகளை இடைநிறுத்தியது. சந்தைக்கு ஒரு நீதியும் சந்நிதிக்கு வேறொரு நீதியும் வகுக்கும் அரசின் கட்டளையை மக்கள் மனமுவந்து ஏற்கமாட்டார்கள்.

நேயர்களே, கோயிலாயினும் பள்ளிவாசலாயினும் தேவாலயமாயினும் விகாரையாயினும், கதவை அடைக்கும் கட்டளை வரும்பொழுது நாம் கேட்கவேண்டியவை மூன்று: இதற்குத் தக்க காரணம் உண்டா? எல்லார்க்கும் இது பொதுவா? இடர் நீங்கியதும் இது நீங்குமா? இம்மூன்றிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், அக்காலத்தில் வீட்டு வாயிலில் நின்று வணங்குதலும் வழிபாடேயாகும்.