ஒருபால் திருமண உரிமையும் தேர்தல் அரசியலும் (தமிழ்நாடு)

ஒருபால் திருமண உரிமை என்பது ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சட்டப்படி மணந்துகொள்ளும் உரிமையைக் குறிக்கும். 2023 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இந்தியாவில் இதனை வழங்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றங்களுக்கும் உரியது. ஆகவே இது தேர்தல் அரசியலோடு தொடர்புடைய கேள்வியாக மாறியுள்ளது. திருமணச் சட்டம் தேர்தல் வழியே மாறியதற்குத் தமிழ்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. அதன் தொடக்கம் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் அமைந்தது.

வரலாற்றுப் பின்னணி

1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை அருகேயுள்ள சுக்கிலநத்தம் என்னும் ஊரில் பெரியார் ஈ. வெ. இராமசாமி தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடைபெற்றது. புரோகிதரும் சடங்குகளும் இன்றி நடைபெற்ற இத்தகைய திருமணங்கள் சட்டப்படி செல்லாது என 1953 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1967 சட்டமன்றத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் காமராசர், தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோல்வியுற்றார். அத்தேர்தலில் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை அரசு, இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த இப்பிரிவு, முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் செல்லத்தக்கவையாக்கியது. எனினும் ஒருவரையொருவர் கணவன், மனைவி என ஏற்பதாகவே இப்பிரிவின் உறுதிமொழி அமைந்துள்ளது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

* 2018 செப்டம்பர் 6: வயதுவந்தோர் மனமொப்பிக் கொள்ளும் ஒருபால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
* 2019 ஏப்ரல் 22: இந்து திருமணச் சட்டத்திலுள்ள 'மணப்பெண்' என்ற சொல் திருநங்கையரையும் குறிக்கும் எனச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. விருதுநகர் மாவட்டம் இக்கிளையின் எல்லைக்கு உட்பட்டதாகும்.
* 2021 சூன் 7: மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை உயர் நீதிமன்றம் தடைசெய்தது.
* 2023 அக்டோபர் 17: திருமணம் அடிப்படை உரிமையன்று என ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். திருமணமல்லாத வேறு வகை இணைவை ஏற்கவும் 3–2 என்ற பெரும்பான்மை மறுத்தது. மறு ஆய்வு மனுக்கள் 2025 சனவரியில் தள்ளுபடியாயின.
* 2025 மே 22: குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

கட்சிகளின் நிலைப்பாடு

2023 இல் பா.ச.க. தலைமையிலான நடுவண் அரசு ஒருபால் திருமணத்தை நீதிமன்றத்தில் எதிர்த்தது. கருத்துத் தெரிவித்த மாநிலங்களில் இராசத்தான், ஆந்திரப் பிரதேசம், அசாம் ஆகியவையும் எதிர்த்தன. அப்போது இராசத்தானில் ஆட்சியிலிருந்தது காங்கிரசு ஆகும். அதே கட்சி 2024 தேர்தல் அறிக்கையில், பரந்த கலந்தாய்வுக்குப் பின் இத்தகைய இணையரின் குடிமை இணைவை ஏற்கும் சட்டம் கொண்டுவரப்படும் என வாக்குறுதி அளித்தது. இந்தியப் பொதுவுடமைக் கட்சி (மார்க்சியம்) திருமணத்தை ஒத்த சட்ட ஏற்பை முன்வைத்தது.

விருதுநகர் தொகுதி

விருதுநகர் மக்களவைத் தொகுதியில் 2024 இல் காங்கிரசின் மாணிக்கம் தாகூர், தே.மு.தி.க.வின் விசய பிரபாகரனை 4,379 வாக்குகளில் வென்றார். ஆயினும் சிவகாசி வட்டாரத்தில் தேர்தல் பேச்சு பெரும்பாலும் பட்டாசுத் தொழிலைச் சுற்றியே அமைவதாகும். ஒருபால் உறவுத் தீர்ப்பு வெளிவந்த 47 நாட்களில், 2018 அக்டோபர் 23 அன்று, சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2019 தேர்தலில் இத்தொகுதியில் முதன்மை பெற்றது இரண்டாவது தீர்ப்பே ஆகும்.

இருப்பினும் இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. ஆலை விபத்தில் தொழிலாளி இறந்தால், இழப்பீடு 'சார்ந்தோர்' எனச் சட்டம் வரையறுப்பவருக்கே சேரும். 1923 ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர் முதலிய உறவினரையே குறிப்பிடுகின்றன. பல ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்திருந்தாலும் ஒருபால் இணையர் இப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. 2024 இல் நடுவண் அரசு, ஒருபால் இணையரைக் குடும்ப அட்டைக்கு ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், அவர்கள் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது. விபத்து இழப்பீட்டுக்கு இது பொருந்தாது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் 2004 நவம்பரில், அதிபர் தேர்தல் நாளன்றே 11 மாநிலங்களில் ஒருபால் திருமணத்திற்கு எதிரான அரசமைப்புத் திருத்தங்கள் வாக்கெடுப்பில் நிறைவேறின. தாய்வானில் 2018 பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் எதிர்த்தபோதும், நீதிமன்றத் தீர்ப்பை ஏற்று 2019 இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வரசின் தலைவர் சாய் இங்-வென் 2020 தேர்தலில் மீண்டும் வென்றார். அயர்லாந்தில் 2015 இல் 62% வாக்காளர்கள் ஆதரித்தனர்.

இவற்றையும் பார்க்க

* சுயமரியாதைத் திருமணம்
* சிறப்புத் திருமணச் சட்டம், 1954
* விருதுநகர் மக்களவைத் தொகுதி