கரிசல் வட்டார வீடுகளில் குளிர்ச்சியும் காற்றுத் தூய்மையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்து கிடப்பது கரிசல் நிலம். இங்கு வீட்டைக் குளிர்ச்சியாக வைப்பதும் வெளிக்காற்றின் தூசி, புகையிலிருந்து வீட்டைக் காப்பதும் நெடுங்காலமாக ஒன்றோடொன்று முரண்பட்டே வந்துள்ளன. சன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம்.

பழைய வீடுகள்

தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஆனி, ஆடி மாதங்களில் வறண்ட காற்றாக இப்பகுதிக்கு வருகிறது. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எழக் காரணமான இதே காற்றுதான், பயிரின்றிக் கிடக்கும் காட்டிலிருந்து புழுதியையும் கிளப்புகிறது. நனைந்தால் ஊதி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண் சுவர் எழுப்ப உதவாது. செவல் மண்ணும் கல்லுமே அதற்கு ஏற்றவை. தடித்த சுவரும் பனையோலைக் கூரையும் பகல் வெப்பம் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தின. சிறிய சன்னல்கள் வெயிலையும் புழுதியையும் குறைத்தன. விறகடுப்புப் புகையையோ வீட்டுக்குள்ளேயே நிறுத்தின. கோடை இரவுகளில் மக்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தனர். காற்று நன்றாக இருந்தவரை அதைவிடச் சிறந்த குளிர்சாதனம் வேறில்லை.

கரிமூட்டப் புகை

தென்னமெரிக்க, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த சீமைக்கருவேலம் இந்த மானாவாரி நிலத்தில் அடர்ந்து பரவியபின், விறகைக் கரியாக்கும் தொழில் வளர்ந்தது. வெட்டிய விறகை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, காற்று அளவாகவே புகும்படி துளை விட்டு, நாட்கணக்கில் வேக வைப்பதே மூட்டம். விறகு முழுதாக எரியாததால் புகையில் கார்பன் மோனாக்சைடும் நுண்துகள்களும் மிகுதியாக இருக்கும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும்போது புகை மேலெழாமல் ஊருக்குள்ளேயே தங்கிவிடும். வாசலில் படுக்கும் வழக்கத்துக்கு இது பெரிய இடைஞ்சல். ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் இந்தக் கரிதான். அந்தப் புகையை மிக அதிகமாகச் சுவாசிப்பவர்களும் மூட்டம் போடும் தொழிலாளர்களே.

மின்விசிறி முதல் ஏசி வரை

1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் தென்மாவட்டங்களில் மின்சாரம் படிப்படியாகப் பரவியது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஏழை வீடுகளுக்கும் மேசை விசிறியைக் கொண்டுவந்தது. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. இதற்கிடையே ஓலைக்கூரை போய் கான்கிரீட் தளம் வந்தது. பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் உமிழ்வதால், புகை இருந்தாலும் சன்னலைத் திறந்தாக வேண்டிய நிலை உருவானது.

ஏர்கூலர் வறண்ட காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே ஆனி, ஆடிக் காற்றுக்கு அது பொருத்தம். ஆனால் அது வெளிக்காற்றை இழுத்து, ஈர மெத்தை வழியே அறைக்குள் தள்ளும் கருவி. ஈர மெத்தை பெரிய தூசியை ஓரளவு பிடிக்கும். புகையின் நுண்துகளையும் நச்சு வாயுவையும் பிடிக்காது. புகை நாளில் கூலரை ஓட்டுவது புகையை விருந்துக்கு அழைப்பது போன்றது.

ஸ்பிலிட் ஏசி பெரும்பாலும் அறையிலுள்ள காற்றையே சுழற்றுகிறது. வெளிப்புகை குறைவாக நுழையும். எனினும் அதன் சாதாரண வலை நுண்துகளை வடிகட்டாது. மூடிய அறையில் கரியமில வாயுவும் கூடிக்கொண்டே போகும். சன்னல் ஏசியில் வெளிக்காற்றுத் திறப்பு இருந்தால், புகை நேரத்தில் அதை மூடிவைக்க வேண்டும்.

தூத்துக்குடி, 2013

2013 மார்ச் 23 காலையில் தூத்துக்குடி மக்கள் கண்ணெரிச்சலும் தொண்டை எரிச்சலும் மூச்சுத்திணறலும் ஏற்பட்டதாகப் புகார் செய்தனர். மார்ச் 29 அன்று ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. கந்தக டைஆக்சைடு போன்ற வாயுவைத் துகள் வடிகட்டி எதுவும் தடுக்காது. அத்தகைய வேளையில் கதவடைத்து, கூலரை நிறுத்துவதுதான் வீட்டில் உடனே செய்யக்கூடியது. கதவு சரியாக மூடாத ஓலை வீட்டில் அதுவும் இயலாது.

2019இல் மத்திய அரசு அறிவித்த தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் முதல் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே நகரம் தூத்துக்குடி. அது நகரங்களுக்கான திட்டம். விளாத்திகுளம் பகுதியின் மூட்டக் காடுகள் அதற்குள் வரவில்லை.